காக்கிச் சட்டையும் நாற்பத்தைந்து வயதும்: திருகோணமலைப் பொலிஸ் நிலையங்களில் எங்கே, எதற்குச் செலவிட வேண்டும்

வைகாசி பிறந்து கச்சான் வீசத் தொடங்கினால் திருகோணமலையில் பகல் வெப்பம் 34, 35 பாகையில் போய் நிற்கும். அந்த வெயிலில் உட்துறைமுக வீதிச் சந்தியில் போக்குவரத்துக்கு நிற்கும் 48 வயதுப் பெண் சார்ஜன்டுக்கு, வெளியே உள்ள சூடு போதாதென்று உள்ளேயிருந்தும் ஒரு சூடு கிளம்பும். நெஞ்சில் தொடங்கிக் கழுத்து, முகம் என்று ஏறி, படபடப்போடு வியர்வையாகக் கொட்டி, ஒன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்குள் அடங்கிவிடும். பிறகு ஈரச் சட்டையோடு குளிரும். மாதவிடாய் நிற்கும் பருவத்தில் வரும் இந்த வெக்கை சிலருக்கு நாளைக்கு ஒன்றிரண்டு முறை வரும், சிலருக்கு மணிக்கொரு முறை வரும்.

மாதவிடாய் நிறுத்தத்தை எட்டும் பொலிஸ் பெண்களுக்காக அரச பணத்தில் என்ன செய்யலாம் என்று கேட்டால், இரண்டு விதமான பதில் வரும். இருக்கிற பொருளாதார நெருக்கடியில் இதற்கெல்லாம் காசு எங்கே என்பது ஒன்று. தனித் திட்டம், தனி நிதி, தனி லீவு வேண்டும் என்பது மற்றது. இரண்டுமே கணக்கைப் பார்க்காமல் சொல்லும் பதில் என்பது என் உறுதியான கருத்து. தேவைப்படும் பொருள்களின் செலவு மிகச் சிறியது. அதற்கான செலவுத் தலைப்புகளும் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தத் தலைப்புகளின் கீழ் இந்தத் தேவையை யாரும் எழுதிக் கேட்பதில்லை, செலவழித்தாலும் தனியாகக் குறித்து வைப்பதில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

முதலில் உடம்பு. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து மாதவிடாய் வராவிட்டால் அது நின்றுவிட்டது என்று கொள்வார்கள். பெரும்பாலான பெண்களுக்கு இது 45க்கும் 55க்கும் இடையில் நடக்கும். 40 முதல் 45 வயதுக்குள் நின்றால் முந்திய நிறுத்தம். 40க்கு முன் நின்றால் அது தனியாக மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை. ஆனால் கடமைக்கு இடைஞ்சல் தருவது நிற்கும் அந்த ஆண்டு மட்டுமல்ல. அதற்கு முன் சில ஆண்டுகள் சுழற்சி தடுமாறும், பின்னும் சில ஆண்டுகள் வெக்கை தொடரும். வெக்கை அடிக்கடி வரும் பெண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வொன்றில் அது நீடித்த காலத்தின் இடைநிலை அளவு 7.4 ஆண்டு. அரச சேவையில் ஓய்வு வயது 60. ஆகவே ஒரு பெண் உத்தியோகத்தரின் சேவைக் காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இதற்குள் போய்விடலாம்.

வெக்கையைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பொலிஸ் வேலையில் அதைவிடக் கூடுதலாகப் படுத்துபவை வேறு மூன்று. இரவு வியர்வையால் கெடும் தூக்கம் முதலாவது. நள்ளிரவில் உடுப்பு மாற்றி எழுந்தவர் விடிய ஆயுதத்தோடு காவலுக்கு நிற்கிறார், அல்லது புல்மோட்டைக்கு ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் ஜீப் ஓட்டுகிறார். இரண்டாவது, நிற்பதற்கு முந்திய ஆண்டுகளில் வரும் பெரும் இரத்தப்போக்கு. ஒன்றிரண்டு மணிக்கொரு முறை பாட் மாற்ற வேண்டி வந்தால், ஏழு நாளுக்கு மேல் நீடித்தால், பெரிய கட்டிகளாகப் போனால் அதைப் பெரும்போக்கு என்று மருத்துவம் கொள்ளும். அது இரத்தச்சோகையில் கொண்டுபோய் விடும். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தச்சோகை. அந்த நிலையில் வெயிலில் நிற்பவருக்குத் தலைச்சுற்றும் மூச்சிரைப்பும் வருவதில் அதிசயம் இல்லை. மூன்றாவது சிறுநீர். ஈஸ்திரோஜன் என்ற ஹோர்மோன் குறையும்போது சிறுநீர்ப் பாதையின் சுவர் மெலிகிறது. அவசரமாக வரும், அடிக்கடி வரும், தொற்று எளிதில் பிடிக்கும். மலசலகூடம் இல்லாத இடத்தில் கடமை போட்டால் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். அது தொற்றையும் தலைச்சுற்றையும் கூட்டும்.

மறதியும் சொல் தடுமாற்றமும் சிலருக்கு வரும். வாக்குமூலம் எழுதும் ஒருவருக்கு இது பெரிய பயம். பெரும்பாலானோருக்குத் தூக்கம் சீரானால் இதுவும் தெளியும் என்பதை மேலதிகாரிகள் தெரிந்து வைத்திருந்தாலே பாதிப் பயம் போகும்.

இலங்கைப் பொலிஸில் 1950களின் தொடக்கத்திலிருந்து பெண்கள் சேவை செய்கிறார்கள். பெண்ணொருவரைச் சோதனையிட வேண்டுமென்றால் பெண்தான் சோதனையிட வேண்டும் என்பது சட்டம். பாலியல் வன்முறைக்கு உள்ளான சிறுமியிடமோ பெண்ணிடமோ வாக்குமூலம் எடுக்கும்போதும் பெண் உத்தியோகத்தரைத்தான் தேடுவார்கள். கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். ஆனால் பொலிஸில் தமிழ் பேசும் பெண்கள் குறைவு. மூதூரிலோ கிண்ணியாவிலோ குச்சவெளியிலோ ஒரு தாய் இரவு பத்து மணிக்கு முறைப்பாட்டோடு வந்தால், தமிழில் கேட்டு எழுதக்கூடிய அதே ஒருவரைத்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். ஓய்விலிருந்தாலும் கூப்பிடுவார்கள். அந்த ஒருவர் 47 வயதில் உடம்பு முடியாமல் இடமாற்றம் கேட்டாலோ முன்கூட்டி ஓய்வு பெற்றாலோ, அவருடைய இருபது ஆண்டு அனுபவத்தை ஆறு மாதப் பயிற்சியால் ஈடுசெய்ய முடியாது. நட்டம் பொலிஸுக்கு மட்டுமில்லை. அந்தத் தாயும் அதில் பங்கு சுமப்பாள்.

இன்னொன்றையும் இப்போதே நினைக்க வேண்டும். 2009இல் போர் முடிந்த பிறகு வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் பேசும் பெண்களைச் சேர்க்கும் முயற்சி கூடியது. அன்று இருபதுகளில் சேர்ந்தவர்கள் இன்று முப்பதுகளின் பிற்பகுதியிலும் நாற்பதுகளிலும் இருக்கிறார்கள். அடுத்த பத்தாண்டில் ஒரு தொகுதியாகவே இந்தப் பருவத்துக்குள் வருவார்கள். மலசலகூடம் கட்டவும் சீருடைத் துணி மாற்றவும் எடுக்கும் காலத்தைப் பார்த்தால், இன்று எழுதத் தொடங்குவது முந்தி இல்லை.

பிரித்தானியாவில் என்ன செய்கிறார்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொலிஸ் உத்தியோகத்தரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். நொட்டிங்ஹாம்ஷயர் பொலிஸ் இதற்கென முதலில் கொள்கை எழுதிய படைகளில் ஒன்று. பிறகு பல படைகள் பின்தொடர்ந்தன. மேற்பார்வையாளருக்குப் பயிற்சி, மேசைக்கு மின்விசிறி, சீருடையில் இலகுவான துணி, கடமை நேரத்தில் மாற்றம், ஒருவரோடொருவர் பேசும் குழு என்பவையே அவற்றில் பெரும்பாலும் இருப்பவை. 2023இல் பிரித்தானியத் தர நிறுவனம் மாதவிடாயும் அதன் நிறுத்தமும் பற்றி, வேலைத்தலங்களுக்கென்று பி.எஸ். 30416 என்ற தரநிலையை வெளியிட்டது. 2024 பெப்ரவரியில் சமத்துவ, மனித உரிமை ஆணைக்குழு, அறிகுறிகள் நீண்ட காலம் நீடித்து அன்றாட வேலையைக் கணிசமாகப் பாதித்தால் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டத்தின் கீழ் அது இயலாமையாகக் கொள்ளப்படலாம் என்று வழிகாட்டல் தந்தது. இயலாமை என்று வந்துவிட்டால் நியாயமான மாற்றங்களைச் செய்துகொடுப்பது தொழில் கொடுப்பவரின் கடமையாகிவிடும்.

நமக்குப் பாடம் அவர்கள் வாங்கிய பொருள்களில் இல்லை, கணக்கு வைத்த முறையில் இருக்கிறது. அங்கே தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் யாரும் ஒரு பொலிஸ் படையிடம் இதற்கு எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கேட்கலாம். ஆனால் பதிலைத் தேடி எடுக்க 18 மணிநேரத்துக்கு மேல், அதாவது மணிக்கு 25 பவுண் வீதம் 450 பவுணுக்கு மேல் ஆகுமென்றால் பொலிஸ் அந்த விண்ணப்பத்தை மறுக்கலாம். மின்விசிறியை அலுவலகப் பொருள் என்றும், பயிற்சியைப் பொதுப் பயிற்சி என்றும், சட்டையைச் சீருடை என்றும் மட்டும் பதிந்து வைத்தால், எல்லாப் பற்றுச்சீட்டையும் கையால் புரட்ட வேண்டி வரும். உண்மையிலேயே நல்ல வேலை செய்த படை கூட அதைக் காட்ட முடியாமல் நிற்கும். ஒன்றுமே செய்யாத படையும் அதே பதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

நம்முடைய செலவுத் தலைப்புகள்

இலங்கையின் வருடாந்த மதிப்பீட்டில் பொலிஸ் திணைக்களத்தின் செலவுத் தலைப்பு 225. அதற்குக் கீழே எல்லாத் திணைக்களங்களுக்கும் பொதுவான செலவு விடய இலக்கங்கள் வரும். உணவும் சீருடையும் 1203. மருத்துவப் பொருள் 1204. கட்டடப் பராமரிப்பு 1303. மின்சாரமும் தண்ணீரும் 1403. இவை மீண்டெழும் செலவு, அதாவது ஆண்டுதோறும் திரும்ப வருவது. மூலதனப் பக்கத்தில் கட்டடப் புனரமைப்பு 2001, தளபாடமும் அலுவலக உபகரணமும் 2102, பயிற்சி 2401. மாதவிடாய் நிறுத்தத்துக்கான உதவியில் வாங்க வேண்டிய பொருள்கள் ஏறக்குறைய எல்லாம் இந்த ஏழுக்குள் அடங்கும். ஆகவே புதிய தலைப்பு வேண்டும் என்று திறைசேரியோடு மல்லுக்கட்டத் தேவையில்லை. பொலிஸ் பிரிவுக் கணக்கில் ஒரு சின்னப் பதிவேடு வைத்து, இந்தக் காரணத்துக்காகச் செய்த ஒவ்வொரு செலவின் வவுச்சர் இலக்கத்தையும் விடய இலக்கத்தையும் தொகையையும் எழுதினால் போதும். ஆண்டு முடிவில் கூட்டினால் விடை கையில் இருக்கும். பெயர் எதுவும் அதில் எழுதக்கூடாது.

நிதியாண்டு ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை. அடுத்த ஆண்டுக்கான தேவைகளை ஆண்டின் நடுப்பகுதியிலேயே கேட்பார்கள். அப்போது நிலையத்திலிருந்து எழுத்தில் போகாத தேவை அடுத்த ஆண்டும் கிடையாது. இடையில் ஏதாவது விடயத்தில் மிச்சம் இருந்தால் அரச நிதி விதிகளான நிதிப் பிரமாணங்களில் 66இன் கீழ் அதை வேறு விடயத்துக்கு மாற்றிக் கேட்க வழி உண்டு. அதை நம்பியிருப்பதில் ஒரு கேடு இருக்கிறது. மிச்சம் தெரியவரும்போது மார்கழி வந்துவிடும், அந்த அவசரத்தில் வாங்குவதற்கு லேசான பொருள் பதாகையும் துண்டுப்பிரசுரமும் கருத்தரங்கு மதியச் சாப்பாடும்தான்.

எதை வாங்குவது

மின்விசிறி. கூரையில் சுழலும் விசிறி அறைக்கெல்லாம் பொது. வெக்கை வருபவருக்குத் தன் பக்கம் திருப்பவும் உடனே கூட்டிக் குறைக்கவும் கூடிய மேசை விசிறி வேண்டும். 55 வாற் விசிறி ஒன்றை நாளுக்கு 10 மணிநேரம், மாதம் 25 நாள் ஓட்டினால் 13.75 அலகு மின்சாரம். குளிரூட்டியோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை. திருகோணமலையில் கடற்கரையோர நிலையங்களுக்கு உலோக உடல் விசிறி வாங்கவே கூடாது. உப்புக்காற்றில் ஒரு மாரி தாண்டுவதற்குள் வலைக்கூடு துருப்பிடித்து, அச்சு இறுகி, மோட்டார் கருகும். பிளாஸ்டிக் உடல், கழற்றிக் கழுவக்கூடிய கூடு என்று விலைக்கோரலிலேயே எழுத வேண்டும். காற்றே 35 பாகையைத் தாண்டிவிட்டால் விசிறி சூட்டைத்தான் அள்ளி வீசும். அப்போது கழுத்தில் ஈரத் துணி போட்டு விசிறிக்கு முன் இருப்பது வேலை செய்யும். கச்சான் உலர்ந்த காற்று, ஈரம் வேகமாக ஆவியாகி உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். ஐப்பசியில் மழைக்கு முன் புழுங்கும் நாள்களில் இந்த வித்தை அவ்வளவு பலிக்காது.

விசிறி விடயத்தில் வழக்கமாக என்ன பிழைக்கும் என்றும் சொல்லிவிட வேண்டும். பெண்களுக்கென்று வந்த விசிறி இரண்டு கிழமையில் பொறுப்பதிகாரியின் அறைக்கோ முறைப்பாட்டு மேசைக்கோ நகர்ந்துவிடும். பொருட் பதிவேட்டில் இடத்தையும் சேர்த்து எழுதினால், மகளிர் ஓய்வறை, சிறுவர் மகளிர் பிரிவு மேசை என்று, வருடாந்தப் பொருட் கணக்கெடுப்பில் அது அங்கே இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். நகர்த்தியவர் பதில் சொல்ல வேண்டி வரும்.

சீருடை. பொலியெஸ்டர் கூடிய கலப்புத் துணி மடிப்புக் குலையாது, வியர்வையை உறிஞ்சாது. பருத்தி கூடிய துணி கசங்கும், ஆனால் காயும். கசங்கினாலும் குற்றமில்லை என்று பிரிவில் ஒரு கட்டளை வராவிட்டால், அணிவகுப்புச் சோதனைக்குப் பயந்து யாரும் பருத்தியைப் போட மாட்டார்கள். ஆளுக்கு இரண்டு மேலதிக மேற்சட்டையும் ஒரு மேலதிகக் காற்சட்டையும் நிலையத்திலேயே இருக்க வேண்டும். காக்கியில் வியர்வையும் தெரியும், இரத்தக் கறையும் தெரியும். மாற்றி உடுக்க உடுப்பு வீட்டில் இருந்து என்ன பயன்? அதை வைக்கப் பூட்டுள்ள அலுமாரி வேண்டும். அளவு இன்னொரு சங்கதி. இந்த வயதில் இடுப்பளவு மாறும், சில நாள் வயிறு ஊதும். சேர்ந்த காலத்தில் எடுத்த அளவை வைத்துத் தைத்த காற்சட்டையில் தோல் பெல்ட்டும் விலங்கும் கைத்துப்பாக்கியும் தொங்கும்போது அது நாள் முழுவதும் ஒரு வதை. ஆண்டுக்கொரு முறை புது அளவு எடுக்க ஒரு ரூபாயும் செலவில்லை.

மலசலகூடம். பெண்களுக்கென்று கட்டிய மலசலகூடம் பல இடங்களில் பூட்டிக் கிடக்கும், சாவி யாரிடமோ இருக்கும். உள்ளே தாழ்ப்பாள், உடுப்பும் பெல்ட்டும் கொழுவ இரண்டு கொளுக்கி, 9 வாற் எல்.ஈ.டி. விளக்கு, கைக்குழாய், ஒரு பெரிய வாளி நிறையத் தண்ணீர், காலால் மிதித்துத் திறக்கும் மூடியுள்ள குப்பைத்தொட்டி. இவ்வளவுதான். கொளுக்கி இல்லாத இடத்தில் ஆயுதமுள்ள பெல்ட்டை எங்கே வைப்பது என்பது சின்னக் கேள்வி இல்லை. குப்பைத்தொட்டியை யார், எத்தனை நாளுக்கொரு முறை வெறுமையாக்குவது என்பதைச் சுத்திகரிப்பு ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் மூன்றாம் நாளே அந்தத் தொட்டி வெளியே போய்விடும். ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றும் இடங்களில் கூரைத் தாங்கியை நிரப்பும் பொறுப்பையும் ஒருவரின் பெயரில் எழுத வேண்டும்.

நிலையத்துக்கு வெளியேதான் சிரமம் கூட. திருக்கோணேச்சரத்துக்குப் பங்குனியில் சனம் திரளும்போது பிரெட்ரிக் கோட்டை வாசலிலிருந்து மலை உச்சி வரை கடமை. பத்திரகாளி அம்மன் தேர். வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழா. நிலாவெளி, உப்புவெளிக் கடற்கரையில் சுற்றுலாக் காலம். கடமைத் திட்டம் வரையும்போது ஆயுதமும் வாகனமும் சாப்பாட்டுப் பார்சலும் எழுதுகிறார்கள். பெண்கள் நிற்கும் இடத்திலிருந்து மலசலகூடம் எத்தனை அடி தூரம், அவர் போய் வரும்வரை யார் அந்த இடத்தில் நிற்பது என்ற இரண்டு வரியையும் அதே தாளில் சேர்க்க வேண்டும். கோயில் நிருவாகத்திடமோ பக்கத்துப் பாடசாலை அதிபரிடமோ முன்கூட்டிக் கேட்டால் சாவி தருவார்கள். கேட்பதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு. ஆளுக்கு இரண்டு லீற்றர் குடிதண்ணீர், நிழலில் ஒரு கதிரை, இரண்டு மணிக்கொரு முறை பத்து நிமிட மாற்று.

காசில்லாத மாற்றங்கள்

உண்மையில் பெரிய நன்மை தருவது கடமைப் பட்டியல்தான், அதற்கு வவுச்சரே இல்லை. இரவுக் கடமைக்கும் அடுத்த கடமைக்கும் இடையில் குறைந்தது 11 மணிநேரம் என்பது ஐரோப்பாவில் தொழிலாளருக்கு உள்ள பொது விதி. அதை இங்கே ஒரு குறிக்கோளாக வைக்கலாம். இரவு முழுவதும் தூங்காத ஒருவரை விடியற்காலை வாகனம் ஓட்டவோ ஆயுதக் காவலுக்கோ போடாமல் இருப்பது அவருக்கான சலுகை இல்லை. அந்த ஜீப்பில் போகும் எல்லோருக்கும் அது பாதுகாப்பு. இரண்டே பெண்கள் உள்ள நிலையத்தில் இது எப்படி முடியும் என்று கேட்பார்கள். தனி நிலையமாகப் பார்த்தால் முடியாது. உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளி போன்ற அடுத்தடுத்த நிலையங்களை ஒன்றாகச் சேர்த்து, அழைப்புக்கு நிற்கும் தமிழ் பேசும் பெண் உத்தியோகத்தர் இன்றிரவு யார் என்று முறைவைத்துப் பட்டியல் போட்டால் ஒருவரே எல்லா இரவும் எழும்பத் தேவையில்லை. வாகன எரிபொருள் கொஞ்சம் கூடும். அதையும் அந்தச் சின்னப் பதிவேட்டில் எழுதலாம்.

மருத்துவமும் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்கள் நடத்தும் சுகவனிதையர் கிளினிக் 1996இல் தொடங்கிய சேவை. இரத்த அழுத்தம், நீரிழிவு, மார்பு, கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான பரிசோதனை எல்லாம் அங்கே இலவசம். 35, 45 வயதுப் பெண்களை முக்கியமாக அழைப்பார்கள். ஆனால் கிளினிக் வேலை நாள் காலையில் நடக்கும், பொலிஸ் பெண் அப்போது நீதிமன்றத்தில் நிற்பாள். வருடத்துக்கு இரண்டு அரை நாள் கிளினிக் வருகையைக் கடமை நேரமாகக் கணக்கிட்டால் போதும். நாரஹேன்பிட்டியிலுள்ள பொலிஸ் வைத்தியசாலைக்குக் கொழும்பு வரை போய் வருவதற்கு ஒருவர் இழக்கும் நாள்களோடு ஒப்பிட்டால் இது திணைக்களத்துக்கே லாபம்.

45 வயதைத் தாண்டியவருக்கு அறிகுறிகள் தெளிவாக இருந்தால் அதை உறுதிசெய்ய ஹோர்மோன் இரத்தப் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. காசு கொடுத்துத் தனியார் ஆய்வுகூடத்துக்கு ஓட வேண்டாம். ஹோர்மோன் மருந்து வெக்கைக்கு மிகவும் பயனுள்ளது. கருப்பை உள்ளவருக்கு ஈஸ்திரோஜனோடு புரோஜெஸ்டோஜனும் சேர்த்தே கொடுக்க வேண்டும். மார்புப் புற்றுநோய் வந்தவருக்கு அது வழமையாகக் கொடுப்பதில்லை. ஹோர்மோன் இல்லாத மருந்துகளும், வெக்கையையும் தூக்கத்தையும் கையாளப் பழக்கும் உளவியல் சிகிச்சையும் உண்டு. எது யாருக்கு என்பதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். ஒன்றை மட்டும் எல்லா நிலையத்திலும் பெண்களின் அறையில் ஒட்டி வைக்க வேண்டும்: பன்னிரண்டு மாதம் நின்றபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் தள்ளிப்போடாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அது வயதின் இயல்பு என்று விட்டுவிடுவது ஆபத்து.

பேசுவது யாரோடு? பொறுப்பதிகாரி பெரும்பாலும் ஆண், சில வேளை பத்து வயது இளையவர். “சேர், எனக்கு இப்படி இருக்கு” என்று அவர் முன்னால் நின்று சொல்லும்படி வைத்தால் யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டாவது வாசல் ஒன்று வேண்டும். பிரிவின் சிறுவர் மகளிர் பணியகத்திலுள்ள மூத்த பெண் அதிகாரி ஒருவரை நியமித்து, அவர் தொலைபேசியில் சொன்னால் பொறுப்பதிகாரி மாற்றத்தைச் செய்தே ஆக வேண்டும் என்று கட்டளை எழுதலாம். ஒரு பக்கப் படிவம் போதும்: என்ன மாற்றம், எந்தத் திகதியிலிருந்து, மூன்று மாதத்தில் மீளாய்வு. நோயின் பெயருக்கு அதில் இடமே வைக்கக்கூடாது. இதை நிலையத்தின் அன்றாடப் பதிவான தகவல் புத்தகத்தில் எழுதிவிட்டால் நிலையம் முழுவதும் வாசிக்கும். ஒவ்வொரு முறையும் மருத்துவச் சான்றிதழ் கேட்டாலும் அந்த வாசல் அடைபட்டுவிடும்.

தனி லீவு பற்றி என் நிலைப்பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். பிரசவத்துக்கு 84 வேலை நாள் முழுச் சம்பள லீவு உண்டு. அது ஒரு குறித்த நிகழ்வு, தொடக்கமும் முடிவும் உள்ளது. மாதவிடாய் நிறுத்தம் ஏழெட்டு ஆண்டு ஏறி இறங்கும் ஒன்று. அதற்கென லீவு வகையொன்றை உருவாக்கினால் அந்த லீவுத் தாளே ஒரு முத்திரையாகிவிடும். பதவி உயர்வு நேர்முகத்தில் அது பேசாமல் பேசும். “இலகு கடமை” என்ற குறிப்புக்கும் அதே கதிதான். கடமையின் வடிவத்தை மாற்றுவது லீவு கொடுப்பதைவிட நீதியானது என்று நம்புகிறேன். இதை ஏற்காத பெண் உத்தியோகத்தர்களும் இருப்பார்கள், அவர்களுக்கும் வலுவான காரணம் இருக்கிறது: மாற்றம் பொறுப்பதிகாரியின் மனத்தில் தங்கியிருக்கும், லீவோ உரிமையாக இருக்கும்.

பயிற்சியைப் பற்றிச் சுருக்கமாக. பெண்களை மட்டும் கூப்பிட்டு அவர்களுக்குத் தெரிந்ததையே சொல்லிக்கொடுப்பது வீண். கடமைப் பட்டியல் போடுகிற பொறுப்பதிகாரியும் நிருவாகச் சார்ஜன்டும் இருக்க வேண்டும். தொண்ணூறு நிமிடம், தமிழிலும் சிங்களத்திலும், பொது வைத்தியசாலை மகப்பேற்று நிபுணரோ சுகாதார வைத்திய அதிகாரியோ வந்து பேசினால் 2401இல் பெரிய தொகை போகாது.

ஒரு நிலையத்தின் கணக்கு

நான்கு பெண் பொலிஸாரும், எழுதுவினைஞர் ஒருவரும் சுத்திகரிப்பாளர் ஒருவருமாக ஆறு பெண்கள் உள்ள நிலையத்தை எடுப்போம். சீருடை இல்லாத அந்த இருவரையும் விட்டுவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு, அவர்களுக்கும் அதே உடம்புதான். மேசை விசிறி மூன்று, மாதம் 41.25 அலகு மின்சாரம். மேலதிகச் சட்டை எட்டு, காற்சட்டை நான்கு. பூட்டுள்ள அலுமாரி அறை ஆறு, துருப்பிடிக்காத பூச்சோடு. மலசலகூடத்துக்குத் தாழ்ப்பாள், கொளுக்கி, விளக்கு, இரண்டு தொட்டி, இருந்தாற்போல் இரத்தப்போக்கு வந்தால் எடுக்க ஒரு பெட்டி பாட். ஒரு கடமை முறைக்கு 12 லீற்றர் குடிதண்ணீர். கிளினிக்குக்கு வருடம் பன்னிரண்டு அரை நாள், அதாவது ஆறு நாள். இவற்றுக்கு உள்ளூர் விலைக்கோரல் மூன்று எடுத்து, தொகையை மேலே சொன்ன விடய இலக்கங்களின் கீழ் பிரித்து எழுதி, ஆண்டின் நடுப்பகுதிக்குள் பிரிவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். முதலாண்டுச் செலவில் பெரும்பகுதி அலுமாரிக்கும் சீருடைக்கும் போகும். அடுத்த ஆண்டிலிருந்து மின்சாரமும் பாட் பெட்டியும் உடைந்ததற்கு மாற்றும்தான்.

பொதுமக்கள் கேட்பது எப்படி

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரஜையும் கேட்கலாம். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பம் தகவல் உத்தியோகத்தருக்குப் போக வேண்டும். “ஏன் எதுவும் செய்யவில்லை” என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் அல்ல. இருக்கும் ஆவணத்தைக் கேட்க வேண்டும்: கடந்த மூன்று நிதியாண்டுகளில் திருகோணமலைப் பொலிஸ் பிரிவில் 1203இன் கீழ் பெண்களின் சீருடைக்குச் செலவான தொகை, 1303, 2001இன் கீழ் பெண்களின் மலசலகூடங்களுக்குச் செலவான தொகை, 45 முதல் 60 வயதுவரை உள்ள பெண் ஊழியரின் எண்ணிக்கை, இந்தப் பொருள் பற்றிய சுற்றறிக்கை இருந்தால் அதன் பிரதி. எண்ணிக்கையை நிலையம் நிலையமாகக் கேட்க வேண்டாம். ஒரே ஒரு பெண் உள்ள நிலையத்தில் அந்த எண்ணே அவரைக் காட்டிக்கொடுக்கும், தனிப்பட்ட தகவல் என்று சட்டப்படியே மறுப்பார்கள். பிரிவு முழுவதற்குமாகக் கேட்டால் அந்தக் காரணம் நிற்காது.

தீர்மானத்துக்கு 14 வேலை நாள். தேடலுக்குக் காலம் வேண்டுமென்றால் மேலும் 21 நாள்வரை நீட்டலாம். A4 தாளில் முதல் நான்கு பக்கம் இலவசம். மறுத்தால் 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. “அப்படித் தனியாகப் பதிவு இல்லை” என்ற பதில் வந்தால் அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்தி, அதன் பிரதியையும் அந்தச் சின்னப் பதிவேட்டின் மாதிரித் தாளையும் இணைத்து, அடுத்த மதிப்பீட்டுக் காலத்துக்கு முன் பிரிவின் சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகருக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும்.